நாய்முடிச் செயற்குழு

ஒரு சனிக்கிழமை காலை, சாமி விளக்கு இன்னும் அணையாத நேரத்தில், முருகையா வீட்டு ஹாலுக்குள் நின்றுகொண்டு புளோவரை முடுக்கினார்.

புளோவர் என்றால் முதுகில் மாட்டிக்கொண்டு, தோட்டத்து ரோட்டில் கிடக்கும் சருகை ஊதித் தள்ளுகிற மோட்டார். எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனையின் காய்ந்த ஓலையே எழுந்து ஓடும். அதை ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்திருந்தார். 'எதற்கு' என்ற இடத்தில் 'களச் சுத்தம்' என்று எழுதியபோது, எந்தக் களம் என்று யாரும் கேட்கவில்லை. முப்பத்தாறு வருஷம் ஆட்களை மேய்த்து வேலை வாங்கிய மண்டோரிடம் யார் கேட்பார்கள்.

பிரச்சினை நாய்முடி. வீட்டில் ஜிம்மி என்று ஒரு நாய், மூன்று பூனைகள். சோபாவில் முடி, தலையணையில் முடி, ரசத்திலும் சில நாள் முடி. மனைவி பஞ்சாலைக்கு இளைப்பு வேறு. ஊரெல்லாம் விளக்குமாற்றால் கூட்டுகிறது, மூளை உள்ளவன் ஊதித் தள்ளுவான் என்று முருகையா நினைத்தார். வாசல் கதவைத் திறந்து வைத்தார். பின்கதவைத் திறக்க மறந்துபோனார். பஞ்சாலை சோபாவின் அந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததையும் மறந்துபோனார்.

முதலில் பறந்தது நாட்காட்டி. அப்புறம் விபூதித் தட்டு. அதற்குப் பின்னால் ஆறு வருஷமாக சோபாவுக்கு அடியில் தங்கியிருந்த நாய்முடி முழுவதும் ஒரே மேகமாக எழும்பி, ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி, பஞ்சாலையின் முகத்தில் போய் உட்கார்ந்தது. ஜிம்மி கட்டிலுக்கு அடியில் போனது. பூனைகள் எங்கே போயின என்று திங்கட்கிழமை வரை தெரியவில்லை.

மோட்டார் நின்றபோது பஞ்சாலை விபூதி பூசிய சிலைபோல உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு விசிலடித்தது. இரண்டு மூச்சுக்கு நடுவே அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஒங்க மூளையையும் ஸ்டோர்லயே... வச்சிட்டு வந்திருக்கலாம்லா."

தோட்டத்து வேனில் கிளினிக்குக் கொண்டுபோனார்கள். டிரெஸர் இராஜமாணிக்கம் புகை மாஸ்க்கை மாட்டிவிட்டார். இந்தத் தோட்டத்தில் டிரெஸர்தான் டாக்டர், கம்பவுண்டர், சில சமயம் சாவுச் சான்றிதழ். முப்பது வருஷமாக எல்லார் நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர். என்ன கேட்டது என்று மட்டும் சொல்ல மாட்டார்.

"ஐயா, நாய்முடிதானுங்களே?" என்று கேட்டார் முருகையா.

இராஜமாணிக்கம் எதையோ எழுதினார். "தண்ணி நல்லா குடிக்கச் சொல்லுங்க" என்றார்.

செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிற மகள் ரதி போன் போட்டாள். "ப்பா, நாய் பூனை வச்சிருக்கறவங்களுக்குன்னே தனியா தூசி உறிஞ்சற வேக்குவம் இருக்குப்பா. தூசி மூட்டை இல்லாதது, மூட்டை வச்சது, ஃபில்டர் வச்சது. நானே வாங்கித் தரேன். எது வேணும்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா ஜிம்மிய யாருக்காச்சும் குடுத்திருங்க."

"நாயை அனுப்பறதா இருந்தா என்னையும் சேத்து லோரில ஏத்துங்க" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து பஞ்சாலை சொன்னாள். ஆக, முருகையாவிடம் உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எந்த மெஷின்?

மெஷின் வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வயரிங் பழசு என்பதால், ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் எந்தப் பொருளுக்கும் ஆபீஸ் பெர்மிட் வேண்டும். திங்கட்கிழமை முருகையா ஆபீசுக்குப் போனார். பெரிய கிராணி, அதாவது ஆபீசின் தலைமை எழுத்தர், சத்தியசீலன் பெர்மிட் பாரத்தை எடுக்கவில்லை. வேறொரு பாரத்தை எடுத்தார்.

"மண்டோரே, நீங்க தோட்டத்துப் பொருள வீட்டுக்குள்ள ஓட்டியிருக்கீங்க. தோட்டத்து வேன்ல ஒரு ஆளு கிளினிக் போயிருக்காங்க. இது வெறும் பெர்மிட் இல்ல. இது சம்பவம்."

"தப்பு என்னோடதுதாங்க. எந்த வேக்குவம் வாங்கலாம்னு சொன்னா..."

"சம்பவம்னா மூல காரணம் வேணும். ரெண்டு மாசத்துல கோலாலம்பூர்லேர்ந்து ஆடிட்டர் வராங்க. தொழிலாளி வீட்டுல மூச்சுத்திணறல்னு ஒண்ணு பதிவாயி, காரணம் காலியா இருந்தா நம்ம எண்ணெய வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான்."

பஞ்சாலையின் நெஞ்சுக்கும் வெளிநாட்டுக்காரன் பொரிக்கும் உருளைக்கிழங்குக்கும் இப்படி ஒரு உறவு இருப்பது முருகையாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புதன்கிழமை 'வளர்ப்புப் பிராணி உரோமம் மற்றும் உட்புறக் காற்று மேம்பாட்டுச் செயற்குழு' கூடியது. தலைவர் உதவி மேனேஜர் புவனேஸ்வரன். முப்பத்திரண்டு வயது, சட்டைப் பையில் மூன்று பேனா, சுவரில் ஒன்பது சான்றிதழ். செயலாளர் சத்தியசீலன். மருத்துவ ஆலோசகர் டிரெஸர் இராஜமாணிக்கம், கையில் ஒரு கப் மைலோ. பாதிக்கப்பட்டவர் பஞ்சாலை. முருகையாவுக்கு என்ன பதவி என்று தெரியாததால் கதவோரம் ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

"இந்தத் தோட்டம் தொழிலாளர்களை வெறும் தொழிலாளர்களா பாக்கல" என்று ஆரம்பித்தார் புவனேஸ்வரன். "சுவாசிக்கிறவங்களா பாக்குது. ஒவ்வொரு மூச்சும் எங்களுக்கு ஒரு தரவு."

பாரத்தில் 'மூல காரணம்' என்ற தலைப்பில் ஐந்து கட்டங்கள் இருந்தன. விலங்கு முடி. வீட்டுத் தூசி. ஊதுபத்தி, சமையல் புகை. பரம்பரை. மற்றவை.

"மற்றவைல கோடு போட்டா தலைமை ஆபீஸ் அனுமதி வேணும்" என்றார் சத்தியசீலன். "அனுமதி கேட்டா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா வக்கீல் வருவாரு. அதனால அந்தக் கட்டத்த நாம அழகுக்குத்தான் வச்சிருக்கோம்."

விலங்குகளின் விவரம் கேட்டார்கள். நாயின் பெயர் ஜிம்மி. முதல் பூனை மீனா, இரண்டாவது மணி.

"மூணாவது?"

முருகையா தரையைப் பார்த்தார். பஞ்சாலைதான் சொன்னாள். "கிராணிங்க. எந்நேரமும் காகிதத்து மேல படுத்திருக்கும். வேற ஒண்ணும் செய்யாது."

சத்தியசீலன் எழுதுவதை நிறுத்தவில்லை. காது மட்டும் சிவந்தது.

பூனைகள் எலி பிடிக்குமா என்று புவனேஸ்வரன் கவலையோடு விசாரித்தார். பிடிக்கும் என்றதும் கவலை கூடியது. செம்பனையைக் கடிக்கிற எலிகளைத் தின்பதற்காகத் தோட்டம் கூண்டு கட்டி ஆந்தை வளர்க்கிறது. ஒவ்வோர் ஆந்தைக்கும் நம்பர் உண்டு. "பூனை எலியத் தின்னா ஆந்தை என்ன செய்யும்? ஆடிட்டர் ஆந்தைகிட்டதான் முதல்ல போவாரு" என்றார். லயத்து எலிகளில் இனிமேல் ஆந்தைகளுக்கே முன்னுரிமை என்று குறிப்பில் ஏறியது.

பஞ்சாலை கை தூக்கினாள். "ஜிம்மி வந்து ஆறு வருஷந்தாங்க ஆச்சு. எனக்கு இளைப்பு வந்து எட்டு வருஷம். அதனாலதான் வேலையவே நிறுத்துனேன்."

இராஜமாணிக்கம் மைலோவைக் கலக்கினார். ஏற்கெனவே நன்றாகக் கலந்திருந்த மைலோ.

புவனேஸ்வரன் மெதுவாகப் புன்னகைத்தார். "ரொம்ப நல்ல பாயிண்ட், அம்மா. அதாவது நாய் வர்றதுக்கு முன்னாடியே உங்க உடம்பு நாய்முடிக்குத் தயாரா இருந்திருக்கு."

'விலங்கு முடி'யில் கோடு விழுந்தது. முருகையா தலையாட்டினார். படித்தவர்கள் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று நினைக்கிற பழக்கம் அவருக்கு. முதுகெலும்பில் பாதியை அந்தப் பழக்கம்தான் தின்றிருந்தது.

பஞ்சாலை இருபத்திரண்டு வருஷம் களையைச் சாகடிக்கிற புல் மருந்து அடித்தவள். அந்தக் கும்பலுக்கு மண்டோர் முருகையா. கல்யாணமும் அங்கேதான் தொடங்கியது. தினமும் விடியற்காலையில் ஸ்டோரில் முதுகுப் பம்பு பிரித்துக் கொடுப்பார்கள். பாதி பம்பு ஒழுகும். முருகையா ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பார்த்து, ஒழுகாத ஐந்தாம் நம்பர் பம்பை ஒதுக்கி வைத்து, புதிதாக வந்த கறுத்த பெண்ணின் முதுகில் தானே மாட்டிவிட்டார். மற்ற ஆண்கள் காதலிக்குக் கனகாம்பரம் வாங்கிக் கொடுத்த காலம். கடைசி வருஷம் வரைக்கும் ஐந்தாம் நம்பர் வேறு யார் முதுகிலும் ஏறவில்லை. அவள் முதுகில் பம்பின் பட்டி உராய்ந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் முருகையாவுக்கு உள்ளுக்குள் ஒரு மாப்பிள்ளைச் சிரிப்பு வரும்.

கூட்டம் முடிகிற நேரத்தில் அவர் கேட்டார். "சார், அப்ப எந்த மெஷினு?"

"அறிவியல்பூர்வமா போவோம், மண்டோரே."

அறிவியலுக்காகத் தோட்டம் மூன்று வேக்குவம் வாங்கியது. சோதனை ஆபீஸ் கம்பளத்தில். ஆபீஸ் கம்பளத்தில் நாய்முடி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஜிம்மியைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் இயல்பான அளவு முடி கொட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. ஏர்கண்டிஷனும் மூன்று மோட்டாரும் பெரிய கிராணியின் முகமும் சேர்ந்து ஜிம்மியை உறைய வைத்துவிட்டன. ஒரு முடிகூடக் கொட்டவில்லை. வீட்டில் கேட்காமலே கொட்டுகிற நாய்.

"ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதினார் சத்தியசீலன்.

முருகையா சீப்பை வாங்கிவந்து, செயற்குழுவின் பேனருக்குக் கீழே உட்கார்ந்து, நாய்க்குத் தலைவாரினார். அதைப் படம் பிடித்து அறிவிப்புப் பலகையில் போட்டார்கள். மூன்று மெஷினும் நன்றாகவே உறிஞ்சின. எது சிறந்தது என்பதை நீண்டகாலப் பயன்பாட்டில்தான் சொல்ல முடியும் என்பதால், முதலாவது புவனேஸ்வரன் வீட்டுக்கும் இரண்டாவது சத்தியசீலன் வீட்டுக்கும் நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் போயின. மூன்றாவது மேனேஜர் பங்களாவுக்கு. மேனேஜருக்கு ஒரு பல்லிகூட ஆகாது.

"எங்க வீட்டுக்கு?" என்றார் முருகையா.

"உங்க வீட்டுலதான் பிரச்சினை இருக்கு. பிரச்சினை இருக்கற எடத்துல சோதனை செஞ்சா முடிவு ஒரு பக்கமா சாஞ்சிரும்" என்றார் புவனேஸ்வரன். "அடுத்த கட்டம் ஒப்பீடு. விலங்குகள் இருக்கறப்ப எத்தனை இளைப்பு, இல்லாதப்ப எத்தனை இளைப்பு. பதினஞ்சு நாள்தான். அதுக்கப்புறம் நாயும் உங்களுக்கு, மெஷினும் உங்களுக்கு."

பஞ்சாலை ஒப்புக்கொள்ளவில்லை. முருகையா மூன்று நாள் கெஞ்சினார். "பதினஞ்சே நாளு புள்ள. அப்புறம் யாரும் ஜிம்மிய ஒண்ணும் சொல்ல முடியாது. சர்ட்டிபிகேட்டே குடுப்பாங்க." அவள் அரைமனதாகத் தலையசைத்த அன்றே லோரி வந்துவிட்டது. மீனா, மணி, கிராணி மூன்றும் பழக்கூடையில். ஜிம்மி கயிற்றில். பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற 'பி' டிவிஷன் உரக்கொட்டகைக்குப் போயின. ரசீது கொடுத்தார்கள். 'உரோம மூலங்கள்: நான்கு.'

வீட்டில் பஞ்சாலைக்கு எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். தாயம்மா, ஆபீஸ் தற்காலிக ஊழியர். கையில் செம்பனைக் குலை எண்ணுகிற கருவி. பஞ்சாலை இளைக்கும்போதெல்லாம் 'டிக்'. இருமினால் இரண்டு 'டிக்'.

"கோச்சுக்காதீங்க அக்கா, இதான் எனக்குக் குடுத்த வேல."

"நான் ஏன் கோச்சுக்கறேன். கொலைய எண்ணுன கருவிதானே. நான் சாஞ்சா அதுக்கு எத்தன டிக்?"

தாயம்மா அதற்குப் பிறகு ஜன்னலைப் பார்த்தபடி அழுத்தினாள்.

நாய் இல்லாத முதல் நாள் நாற்பத்தொன்று. ஐந்தாம் நாள் நாற்பத்து நான்கு. எட்டாம் நாள் அறுபது. எண்ணிக்கை ஏறுவதை முருகையா ஆபீசில் காட்டினார். புவனேஸ்வரன் உற்சாகமானார். "பாத்தீங்களா? எஞ்சிய உரோமம். மூலத்த எடுத்தா மிச்சம் பீதியாகும்."

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு ஜிம்மி திரும்பி வந்தது. கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டு, தெரியாத பதினொரு கிலோமீட்டரைத் தெரிந்த வாசனையாக மாற்றிக்கொண்டு, தோட்டத்து நுழைவாயில் வரைக்கும் வந்துவிட்டது. அங்கே ஒரு பெரிய பலகை உண்டு. 'விபத்தில்லா நாட்கள்: 412.' அந்தப் பலகைக்கு நேர் எதிரே செம்பனைப் பழ லோரி ஜிம்மியின்மேல் ஏறியது.

டிரைவர் முனியாண்டி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். "மண்டோரே, நான் பாக்கல. பாலத்துலேர்ந்து எறங்குனேன், வால ஆட்டிக்கிட்டே குறுக்க வந்துருச்சு. லோரி மேல நம்ம தோட்டத்துப் பேரு இருந்துச்சில்ல, நம்ம ஆளுன்னு நெனச்சிருக்கும்."

முருகையா தன் கைலியில் அதைச் சுற்றித் தூக்கினார். அவர் போகும்போது வாசல் காவல்காரரான ஜாகா ஏணி மேல் நின்று 412-ஐ அழித்து 413 எழுதிக்கொண்டிருந்தார். காலை ஏழரைக்கு அதை மாற்ற வேண்டும் என்பது அவருடைய வேலை. அவரும் அழுதுகொண்டுதான் எழுதினார்.

சம்பவப் பாரம் எழுத முடியவில்லை. இறந்தது மனிதர் இல்லை. தோட்டத்துச் சொத்தும் இல்லை. 'உரோம மூலம் ஒன்று குறைந்தது' என்று முன்னேற்ற அறிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்குப் பஞ்சாலை அழவில்லை. அழுதால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் 'டிக்' விழும். தாயம்மா கருவியைச் சேலை முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். பஞ்சாலைக்கு அது தெரியாது.

ஆடிட்டர் வந்தார். பந்தல் போட்டார்கள். பஞ்சாலையை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். புவனேஸ்வரன் பேசினார்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இந்தத் தோட்டத்துல மூச்சுத்திணறலுக்குக் காரணம் தெரியாம இருந்துச்சு. இன்னிக்கு மூச்சுத்திணறல் இருக்கலாம், ஆனா காரணம் தெரியாம இல்ல. அதான் முன்னேற்றம். நாங்க யாரையும் குத்தம் சொல்லல. அந்த நாயைக்கூட நாங்க மன்னிச்சிட்டோம்."

கைத்தட்டல் எழுந்தது. முதல் வரிசையில் விசில் சத்தம் கேட்டது, பஞ்சாலையின் நெஞ்சிலிருந்து. உற்சாகத்தில் விசிலடிக்கிறார்கள் என்று நினைத்து ஆடிட்டர் அவளைப் பார்த்துக் கையசைத்தார்.

முருகையாவுக்கு லேமினேட் செய்த கடிதம் ஒன்று கிடைத்தது. ஒரு தூசியுறிஞ்சி வாங்க அனுமதி. மெஷின் இருந்தால் மட்டுமே மிச்சப் பூனைகள் வீட்டில் இருக்கலாம் என்றும் அதில் இருந்தது. மீனா வரவில்லை. உரக்கொட்டகையிலேயே ஒரு குடும்பம் அமைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். மணியும் கிராணியும் மட்டும் கூடையில் திரும்பி வந்திருந்தன.

"அந்த ரெண்டையாவது காப்பாத்துங்க" என்றாள் பஞ்சாலை.

சனிக்கிழமை முருகையா மோட்டார் சைக்கிளில் லுக்குட் டவுனுக்குப் போனார். எலக்ட்ரிக் கடையில் வேக்குவம்கள் தும்பிக்கையோடு வரிசையாக நின்றன. கடைக்காரப் பெண் நாய்க்கு ஒன்று, பூனைக்கு ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து ஒன்று என்று காட்டினாள். "வீட்ல என்ன பெட் அங்கிள்?" என்றாள். பழக்கத்தில் நாயைத்தான் முதலில் சொன்னார். சொன்ன பிறகு திருத்தவில்லை.

மின்விசிறிப் பக்கம் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். டிரெஸர் இராஜமாணிக்கம். போன வெள்ளிக்கிழமைதான் ஓய்வு பெற்றார். லோபாக்கில் வீடு வாங்கியிருந்தார், அதற்குப் புது விசிறி. வெள்ளைச் சட்டை இல்லாமல் அவர் பாதி ஆளாகத் தெரிந்தார்.

"ஐயா, நல்ல வேள நீங்க இருக்கீங்க" என்றார் முருகையா. கடிதத்தைக் காட்டினார். "ரெண்டு மாசமா ஒரே கேள்விய கேட்டுக்கிட்டு அலையறேன். இது மூட்ட வச்சது, இது மூட்ட இல்லாதது. எத வாங்குனா பஞ்சாலைக்கு நெஞ்சு சரியாவும்? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

இராஜமாணிக்கம் கடிதத்தைப் படித்தார். திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. கடை வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"ஓய்வுக் கடிதம் கைக்கு வந்துருச்சு. இனிமே என்னைக் கூப்புட்டுக் கேக்க முடியாது" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. அப்புறம், "எத வாங்குனாலும் ஆவாது, முருகையா."

"பெருசா வாங்கலாங்க. மகதான் தராளே."

"அது நாய்முடி இல்ல. புல் மருந்து. நெஞ்சுக்குள்ள எறங்கிப் படிஞ்சிருச்சு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த எக்ஸ்ரேயிலயே பாத்தேன். மத்தவையில கோடு போடாதன்னாங்க. நான் போடல."

முருகையா சிரித்தார். பெரியவர்கள் தெரியாமல் தப்பாகப் பேசும்போது மரியாதைக்குச் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "மத்தவங்களுக்கு இருக்கலாங்கய்யா. பஞ்சாலைக்கு இருக்காது. அவளோடது அஞ்சாம் நம்பரு. நானே தண்ணி ஊத்திப் பாத்து, நானே மாட்டிவிட்டது. அது ஒழுகாது."

கடைக்காரப் பெண் மூட்டை இல்லாத மெஷினை ஓட்டிக் காட்ட ஆரம்பித்திருந்தாள். இராஜமாணிக்கம் அது நிற்கிறவரைக்கும் காத்திருந்தார்.

"அந்தப் புள்ள முதுகுல இருக்கறது ஒங்ககிட்ட சொன்ன மாதிரி பட்டி ஒராஞ்ச தழும்பு இல்ல. மருந்து பட்டு வெந்த புண்ணு. வாரம் ரெண்டு வாட்டி களிம்பு தடவுனவன் நான்" என்றார். "தண்ணி ஊத்தித் தூக்கிப் பாத்தா ஒழுகாது. அழுத்தி அடிக்கறப்பதான் ஒழுகும். அந்த ஸ்டோருல ஒழுகாத பம்புன்னு ஒண்ணு இருந்ததே இல்ல, முருகையா. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு அந்தப் புள்ளதான் சொல்லிச்சு. ஆசையா குடுத்தாராம்."